ஒரே வீட்டில் இரண்டு தீர்ப்பு

எங்கள் அத்தை மெதுவாகப் பேசியதாகச் சரித்திரமே கிடையாது. அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் ஓய்ந்துவிட, அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். "கால்ல இருந்த பலமெல்லாம் தொண்டைக்கு வந்து சேர்ந்துடுச்சு" என்று அவளே சொல்லிக்கொள்வாள். எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்தாள். கல்யாணப் பேச்சை யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் கிடைக்கப்போகிற பதிலுக்கு எல்லோருக்கும் பயம்.

அவள் அந்த ஆய்வு மையத்துக்குப் போகத் தொடங்கியதே ஒரு சண்டையால்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேல் தட்டிலிருந்து சாமான் எடுக்கலாம் என்று டிவியில் சொன்னதை நம்பி ஒரு கொக்கிக் கோல் வாங்கினாள். முதல் நாளே அது சர்க்கரை டப்பாவைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தது. விற்றவன் போனை எடுக்கவில்லை. வயதானவர்களும் உடல் குறை உள்ளவர்களும் வாங்குகிற பொருட்களைச் சோதித்து, எது தேறும் எது தேறாது என்று பத்திரிகையில் எழுதுகிற ஆய்வு மையம் ஒன்று இருப்பதாக அம்மா சொன்னாள். அத்தை அங்கே போன் போட்டு, கோல் விற்றவனுக்காகச் சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் அவர்கள் தலையில் கொட்டினாள். மறுமுனையில் இருந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, இதையே நேரில் வந்து சொல்ல முடியுமா, இப்படிப் பேசுகிறவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாராம்.

அந்த அம்மாள்தான் மையத்தை நடத்துகிறவர். எல்லோரும் அவரைக் கறாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் முகத்துக்கு நேராகவே. எந்தக் கம்பெனியிடமும் ஒரு பென்சில்கூட இலவசமாக வாங்கமாட்டார். மற்றவர்களைப் போலக் கடைக்குப் போய், விலை கொடுத்து வாங்கி, கம்பெனிப் பெயர் தெரியாதபடி கறுப்பு டேப் ஒட்டி, அதை அன்றாடம் உபயோகிக்கக் கூடியவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். கை நடுங்குகிறவர், கண் தெரியாதவர், இடுப்பு பிடித்தவர் என்று ஒரு கூட்டமே மாதத்தில் இரண்டு முறை அந்தக் கூடத்தில் கூடும். அங்கே ஒரு சமையல் மேடை, ஒரு கட்டில், வேண்டுமென்றே வழுக்குகிற தரை போட்ட ஒரு குளியலறை எல்லாம் இருந்தன. சட்டம் ஒன்றுதான்: தீர்ப்பு சொல்லி முடிக்கும்வரை பொருளைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஒருத்தர் கருத்து ஜலதோஷம் மாதிரி, பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்பார் கறாரம்மா.

அத்தையைக் காரில் அழைத்துப்போவது என் வேலை. ஓரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். முதல் நாள் தண்ணீர் காய்ச்சும் கெட்டில்கள். அத்தைக்குப் பிடித்த ஒரே ஒரு கெட்டில், கொதித்ததும் விசில் அடிப்பது. பின்னால் இருந்தாலும் தெரிகிறது, திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று தீர்ப்பு சொன்னாள். அடுத்துப் பேசியவர் உயரமாக, வெள்ளை மீசையோடு இருந்தார். இருப்பதிலேயே உதவாக்கரை அந்தக் கெட்டில்தான், தண்ணீர் முழுக்க ஆவியாகிப் போனாலும் ஒன்றும் தெரியாது என்றார். அவர் ஆயுள் முழுக்க அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர்; அந்த இரைச்சல் காதை வாங்கிக்கொண்டது. மனைவியை இழந்தவர், மகன் தூர ஊரில். அவர் கண்ணுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்றார், அத்தை காதுக்கு ஒரு விசில் வேண்டும் என்றாள். கூடமே சிரித்தது.

அதிலிருந்து ஒரு பொருளில்கூட இரண்டு பேரும் ஒத்துப்போனதில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரத் தொடங்கினார்கள். சோதனைப் பொருளைப் பற்றிப் பேசக் கூடாது என்பதால் மற்ற எல்லாவற்றையும் பேசித் தீர்த்தார்கள். மற்றவர்கள் அவரிடம் வாயை அசைத்து அசைத்து மன்றாட வேண்டும். அத்தைக்கு அந்தக் கஷ்டமே இல்லை; அவள் சாதாரணமாகப் பேசினாலே அவருக்குப் போதும். "உன் அத்தை பேசினா எனக்குக் காது சரியாயிட்ட மாதிரி இருக்கும்மா" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார்.

வீட்டில் முதலில் மோப்பம் பிடித்தது அம்மா. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுப்பவள் தனக்கென்று ஒரு புது ரவிக்கை தைப்பதைப் பார்த்தால் கேட்கவா வேண்டும்? அப்பா மட்டும் கடைசிவரை எதையும் கவனிக்கவில்லை. அக்காவுக்குச் சோதனை வேலை பிடித்துப்போய்விட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டில் மூடி திறக்கும் கருவிகளைச் சோதித்த அன்றுதான் அது நடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அச்சகக்காரர் காதுக் கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அவர் அத்தை பக்கம் சாய்ந்து, யாருக்கும் தெரியாமல் ரகசியமாக ஒன்று கேட்டார். ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"நம்ம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?"

குளியலறைப் பக்கம் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அத்தைக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு மெதுவாகப் பேசிப் பார்த்ததில்லை. அவருக்கு எங்கே கேட்கும்? என்ன, என்ன என்று இன்னும் சத்தமாகக் கேட்டார்.

"சரின்னு சொன்னேன்!" என்றாள் அத்தை, வழக்கமான குரலில்.

கை நடுங்குகிற தாத்தா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். எல்லோரும் கறாரம்மாவைப் பார்த்தார்கள். சோதனை நேரத்தில் பேச்சு! அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"பொருளைப் பத்தித்தான் பேசக் கூடாது. இதுல சட்டப்படி தப்பில்ல" என்றார்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. இடைவேளையில் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, மனதார வாழ்த்திவிட்டு, விஷயத்தைச் சொன்னார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் சோதனைக் குழுவில் இருக்க முடியாது. ராத்திரி சாப்பிடும்போது பேசிக்கொள்வார்கள், மறுநாள் இரண்டு வாய் ஒரே கருத்தைச் சொல்லும். பிறகு படிக்கிறவர்கள் எதை நம்புவார்கள்? யாராவது ஒருவர் விலகித்தான் ஆக வேண்டும்.

அச்சகக்காரர் உடனே தான் விலகிக்கொள்வதாகச் சொன்னார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "வேணாம். எனக்காக இதை விட்டுட்டு, அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்க." அப்படியென்றால் அவள் விலகலாமே என்று, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கூடப் போயிருந்த நான் வாயைக் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கார் சாவியைத் தேடுவது போல் வெளியே வந்துவிட்டேன். உள்ளே அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. நாங்கள் ஒத்துப்போவோம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஊரில் உள்ள கெட்டிலையெல்லாம் சோதிக்கிறீர்களே, உங்கள் சட்டத்தைச் சோதித்தீர்களா என்று கேட்டாள். கறாரம்மா, கேள்வி நியாயமானது, அதையும் சோதித்துவிடலாம் என்றாராம்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்த அக்கா போய்விடுவாளே என்பதுதான் அவர் கவலை. அத்தை அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டி, எங்கே போகப்போகிறேன், மூன்று தெரு தள்ளித்தானே, நான் கூப்பிட்டால் இங்கேயே கேட்கும் என்றாள். அவர் அழுதுகொண்டே சிரித்தார். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சோதனைக் குழு மொத்தமும் வந்திருந்தது. அன்றிலிருந்து அச்சகக்காரர் எனக்கு மாமா.

சொன்னபடி சட்டத்தைச் சோதிக்க, அவர்கள் வீட்டுக்குக் கறாரம்மா அனுப்பிவைத்தது உயரம் மாற்றுகிற ஒரு சமையல் மேஜை. நெம்புகோலைத் தள்ளினால் உயரும், இழுத்தால் தாழும். ஏற்கெனவே பல வீடுகளில் சோதித்து நல்ல பெயர் வாங்கியிருந்தது. ஒரு மாதம் உபயோகித்துவிட்டு இருவரும் தனித்தனி அறையில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மாமா, இவ்வளவு அருமையான மேஜையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். முதுகு வலிக்காமல் நின்றபடியே காய் நறுக்கலாம், குறை என்று எதுவுமே இல்லை. அடுத்த அறையில் அத்தை, அது மேஜையே இல்லை, தண்டனை என்றாள். மாமா காய் நறுக்கிவிட்டு மேஜையை உயரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார். நெம்புகோலும் மேஜையோடு சேர்ந்து மேலே போயிருக்கும். நாற்காலியிலிருந்து அவளுக்கு எட்டாது. காதுக் கருவியைக் கழற்றிவிட்டு உள்ளறையில் இருக்கும் அவரை இறக்கிவிடச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "ஊரே வந்துடும், அவர் மட்டும் வரமாட்டார்."

கறாரம்மா பழைய தீர்ப்புகளை எடுத்துப் பார்த்தார். மேஜையைச் சோதித்த எல்லோரும் தனியாக இருப்பவர்கள். நாற்காலிக்காரர்கள் வீட்டில் அது தாழ்ந்தே இருந்தது, நிற்பவர்கள் வீட்டில் உயர்ந்தே இருந்தது. ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டிய வீட்டுக்கு அது போகவே இல்லை. அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் இரண்டு தீர்ப்பையும் வாசித்துக் காட்டினார். "தண்டனை" என்ற இடத்தில் அவரே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம், ஆனால் தீர்ப்பு தனித்தனியாகத்தான் என்று சட்டம் மாறியது. இரண்டு பேர் வாழும் வீடுகளைத் தேடிப் பிடிக்கிற வேலையும் தொடங்கியது. கண் தெரியாத ஒருவரும், இதுவரை வாசலிலேயே காத்திருந்த அவர் மனைவியும் முதலில் சேர்ந்தார்கள்.

மாமாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. தான் புகழ்ந்த மேஜை அவளை இத்தனை நாள் பாடுபடுத்தியிருக்கிறது, தனக்குத் தெரியவே இல்லையே என்று காரில் வரும் வழியெல்லாம் வருத்தப்பட்டார். சோதனை மேஜையில் கைவைக்கக் கூடாது என்பதால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வந்தார். நெம்புகோலில் ஒரு துணிப் பட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். பட்டையைத் தைத்துக் கொடுத்தவள் அத்தைதான்.

நான் போயிருந்தபோது அவள் பட்டையைப் பிடித்து இழுத்தாள். மேஜை மெல்ல இறங்கி அவள் மடிக்கு நேராக வந்து நின்றது. அதன்மேல் ஒரு சட்டைத் துணியை விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். சட்டை மாமாவுக்கு. எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாமா, கை கொஞ்சம் நீளமாக இருப்பதாகச் சொன்னார். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றாள் அத்தை. என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் தேநீர் போடுவதாகச் சொல்லி எழுந்துகொண்டேன்.