ஒரு பொட்டுத் தங்கம்

பொம்மையை மேசையில் வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். பாலிமர் களிமண்ணில் ஒரு சாண் உயர பஸ் டிரைவர். ஓவனில் சுட்டெடுத்து, சட்டைப் பொத்தான், தொப்பி வில்லை, பெல்ட் கொக்கி என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் தங்க நிற மெட்டாலிக் பெயிண்ட் இழுத்திருந்தேன். அந்த டப்பாவைத் திறந்தால் எனக்குக் கை நிற்காது.

செய்யச் சொன்ன பெண் உற்றுப் பார்த்தாள். மறுநாள் பணி ஓய்வு பெறும் அவள் அப்பாவுக்கு அது பரிசு.

"அழகாத்தான் இருக்குக்கா. ஆனா இது எங்கப்பா இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "நீ குடுத்த போட்டோவைத்தானேம்மா அப்படியே பண்ணியிருக்கேன்!"

"போட்டோன்னா வாயை இறுக்கி மூடிக்குவாரு. பஸ்ல இருக்கும்போதுதான் சிரிப்பாரு. அந்தச் சிரிப்பு ஒரு போட்டோலகூட எங்ககிட்ட இல்லக்கா."

அவள் போனதும் என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவர் பஸ் ஓட்டுறாரா, பேண்டு வாசிக்கிறாரா?"

வந்த கோபத்தில் அந்தப் பெண்ணிடம் போனில் பஸ் நம்பரைக் கேட்டுக்கொண்டு நேரே போய் அந்த டிரைவரின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். மூன்று நிறுத்தம் வரை மனிதர் உம்மென்றே இருந்தார். நான்காவதில் ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மெதுவா வாங்க சார். என்னைக்காவது உங்களை விட்டுட்டுப் போயிருக்கேனா?"

டிரைவர் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் பளிச்சென்றது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அட, இதுதானா! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடம்பெல்லாம் தங்கம் பூசிவிட்டு, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூசாமல் விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பொத்தான், வில்லை, கொக்கி எல்லாவற்றையும் துடைத்தேன். மூடிய உதட்டைச் செதுக்கி, புதுக் களிமண்ணில் சிரிப்பும் பல்லும் வைத்து மறுபடி சுட்டேன். ஆறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசிமுனையால் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். டப்பாவை உடனே மூடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். என்னை நான் நம்பவில்லை.

மறுநாள் டிப்போவில் டிரைவர் பொம்மையை வாங்கிப் பார்த்தார். கை தன்னால் வாய்க்குப் போனது. மகள் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள்.

"விடுங்கப்பா. அதான் பொம்மையே காட்டிக் குடுத்துடுச்சே!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். டிப்போ மொத்தமும் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தது. அவள் மட்டும் எடுக்கவில்லை. அப்பாவின் கையை அவள் இன்னும் விடவில்லை.