ஆறாவது டேக்

என் அக்கா என்னிடம் உதவி கேட்டாள். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அருமைக்கா, இன்னொரு தடவை" என்றேன். நடந்தது இதுதான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், கல்லூரியிலும் சொல்வார்கள். இந்த முறை கோபமெல்லாம் என் மேலேயேதான், அதனால் நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படிப்பது ஊடகக் கலை இளங்கலை, திரைப்படப் பிரிவு, கடைசி வருடம். "டி.வி.ல செய்தி எப்ப வாசிக்கப் போறே?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். ஆளுக்கொரு பத்து நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தால்தான் எங்களுக்குப் பட்டம். வகுப்பில் பதினெட்டுப் பேர், அதில் பதினொரு படம் தனிமையைப் பற்றியது. என்னுடையதும் அந்தப் பதினொன்றில் ஒன்று. ஒருத்தி தினமும் தன் அம்மாவுக்குப் போன் செய்வாள். "நான் நல்லா இருக்கேம்மா, இங்க எல்லாம் சௌகரியம், நீ சாப்பிட்டியா?" என்பாள். போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அவ்வளவுதான் கதை. எழுதி முடித்த அன்று எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நடிக்க ஒப்புக்கொண்டிருந்த பெண் இரண்டு நாள் முன்னால் கையை விரித்துவிட்டாள். படம் எடுக்க வீடும் கிடைக்கவில்லை. அம்மா இதை மாமாவிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். மாமா என்றால் அக்காவின் கணவர். அவரே எனக்குப் போன் செய்தார்.

"நம்ம வீடு இருக்கும்போது எதுக்கும்மா தெருத்தெருவா அலையறே? உங்க அக்காவையே நடிக்க வச்சுக்கோ. வீட்லயே இருந்து அவளுக்கும் போரடிக்குது."

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தங்கமான மாப்பிள்ளைடி" என்று அன்றைக்கு மட்டும் நாலு தடவை சொன்னாள். நானும் மண்டையை ஆட்டினேன்.

காலை எட்டரைக்கு நானும் கொசுவும் போய் இறங்கினோம். கொசு என் வகுப்புத் தோழன், ஒலிப்பதிவு செய்கிறவன். பக்கத்துத் தெருவில் கொசு பறந்தாலும் தன் ஹெட்போனில் கேட்கிறது என்று எல்லாப் படப்பிடிப்பையும் நிறுத்துவான், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது மாடியில் சின்ன வீடு. கூடமும் சமையலறையும் ஒன்றாகவே இருக்கும், நடுவில் சுவர் கிடையாது. மாமா எங்களுக்கு சுவிட்ச் எல்லாம் காட்டிக் கொடுத்தார், மின்விசிறியைத் துடைத்துக்கூட வைத்திருந்தார். ஒன்பது மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வெளியில பூட்டிட்டுப் போறேம்மா. இந்தப் பக்கம் திருட்டு பயம். அஞ்சரைக்கு வந்துடுவேன்."

சாவி இரண்டு சுற்று சுற்றியது.

"அப்பாடா!" என்றான் கொசு. "காலிங் பெல் தொல்லை இல்ல. எவனும் வந்து ஷாட்டைக் கெடுக்க மாட்டான்."

எனக்கும் சந்தோஷம்தான், சத்தியமாகச் சொல்கிறேன். மூன்று வருடமாக எங்கே படம் எடுத்தாலும் எவனாவது ஒருத்தன் டிபன் பாக்ஸோடு நடுவில் வந்து நிற்பான். பூட்டிய கதவைப் பார்த்து வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். 'ஆகா, என்ன அமைதி' என்று பூரித்தது எங்களை மாதிரி படம் எடுக்கிற பைத்தியங்கள் மட்டும்தான்.

கூடத்து அலமாரியின் மேல் ஒரு வெள்ளைக் கேமரா இருந்தது, முட்டை அளவில். மாமா அலுவலகத்திலிருந்து அதில் வீட்டைப் பார்ப்பார், பேசவும் பேசுவார். பத்து மணிக்கு அதிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா, எல்லாம் சௌகரியமா நடக்குதா?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். "மாமா, நீங்கதான் எங்க தயாரிப்பாளர்" என்று கையாட்டினேன். அந்தக் கேமரா படத்தில் விழாதபடி என் கேமராவை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன்.

ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று கொசு அதை அணைத்தான். அணைத்ததை மறந்துவிடக் கூடாது என்று தன் வண்டிச் சாவியை அதற்குள்ளே வைத்தான். ஒலிப்பதிவுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள், சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது அல்லவா? முக்காலியின் மேல் கேமராவைப் பொருத்துகிற தகட்டைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஓடிப் போய் எடுத்து வரலாம் என்றால் கதவு பூட்டியிருக்கிறது. வெள்ளைக் கேமராவைப் பார்த்து மாமாவிடம் கேட்டோம். "நான் வந்து திறக்கணும்னா ஒரு மணி நேரம் ஆகும்மா, சமாளிச்சுக்கோங்களேன்" என்றார். தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கேமராவை வைத்தோம்.

"இதுக்கே இப்படி முழிக்கறீங்க" என்றாள் அக்கா. முகத்தில் சிரிப்பு இருந்தது.

டீ போடும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். "உன்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். "டீ போட்டாச்சா?" என்று அலமாரியிலிருந்து குரல் வந்தது. அக்கா கையை விட்டுவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அப்புறம் சொல்லுக்கா, வெளிச்சம் போயிடும்" என்றேன். பதினொரு மணிக்கு எந்த வெளிச்சம் போகும்? என்னைச் செருப்பாலேயே அடிக்கலாம்.

பிறகு, மாமா பேசினால் ஒலிப்பதிவு கெடுகிறது என்று கொசு கெஞ்ச, அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். பார்ப்பதையும் கேட்பதையும் நிறுத்தவில்லை.

அக்காவின் கையில் ஒரு செத்துப்போன பழைய போனைக் கொடுத்தேன். அவளுடைய போன் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று மாமா சொல்லியிருந்தார். முதல் டேக்கில் எழுதியதை அப்படியே பேசினாள். சுமாராக வந்தது. "இன்னும் மனசிலிருந்து பேசுக்கா, உன் சொந்த வார்த்தையில பேசு" என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாவது டேக்கில் பேசினாள்: "நான் நல்லா இருக்கேம்மா. அவர் போறப்ப வெளியில பூட்டிட்டுப் போறாரும்மா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று காலையில் நடந்ததை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வசனத்தில் சேர்க்கிறாள் என்று வியந்தேன். கீழே ஒரு லாரி ஹாரன் அடித்துக் கெடுத்துவிட்டது.

மூன்றாவதில்: "என் சாவிய வாங்கி வச்சுக்கிட்டார். போனையும்தான். ஆறு மாசமாச்சும்மா."

"அருமைக்கா, இன்னொரு தடவை" என்றேன்.

நான்காவதில்: "தங்கச்சிகிட்ட சொல்லும்மா. அவளுக்குப் புரியும்."

ஐந்தாவதில் அவள் கை நடுங்கியது. க்ளோசப்பில் அந்த நடுக்கம் அழகாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இருபதாம் தேதி வீடு மாத்தறோம். எங்கன்னு எனக்கே சொல்லலம்மா. அதுக்கு முன்னாடி அவள வரச் சொல்லு. வந்து என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லு."

மணி ஒன்றாகியிருந்தது, பசி வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அக்கா! பத்து நிமிஷப் படம் இது. நீ பாட்டுக்கு மெகா சீரியல் ஓட்டறே. படத்துல தங்கச்சியே கிடையாது, யாருக்கா அது?"

அக்கா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமால்ல," என்றாள். "மறந்துட்டேன்."

"ஸ்கிரிப்ட்ல இருக்கறத மட்டும் சொல்லு, போதும்."

ஆறாவது டேக்கில் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். நான் நல்லா இருக்கேம்மா, இங்க எல்லாம் சௌகரியம், நீ சாப்பிட்டியா. நான் "ஓகே!" என்று கத்திக் கை தட்டினேன்.

மாமா ஐந்தரைக்கு வந்து கதவைத் திறந்தார். சாமான்களைக் கட்டும்போது என்னிடம் சாவகாசமாகக் கேட்டார். "உங்க அக்கா பேசினதெல்லாம் நீ எழுதினதாம்மா?"

எனக்கு ஒரு அல்ப ஆசை. நல்ல வசனத்துக்கு யாராவது பாராட்டினால் விட்டுவிடுவேனா? "ஆமா மாமா, ஒவ்வொரு வரியும் நான் எழுதினதுதான்" என்று கூசாமல் புளுகினேன். "நல்லா எழுதறே" என்றார் அவர். என் வாழ்க்கையில் ஒரு பொய்யாவது உருப்படியாக இருந்தது என்றால் அது இதுதான், அதுவும் தெரியாமல் சொன்னது.

ஒன்பது நாள் படத்தொகுப்பு அறையில் கிடந்தேன். ஜன்னல் இல்லாத அறை, நாலு கணினிகள், எப்போதும் ஏ.சி. குளிர். அக்காவின் முகத்தை முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வசனங்களை இருநூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஐந்தாவது டேக்கில் உயிர் இருக்கிறது, ஆறாவதில் செத்துவிட்டதே, ஏன்? இதைப் பற்றிக் கொசுவோடு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டேன். என்ன நடந்தது என்று அப்போதும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் இரண்டாவதிலிருந்து ஐந்தாவது வரை எல்லாவற்றையும் ஒட்டிப் படத்தில் சேர்த்தேன்.

படத்தோடு வசனப் பட்டியலும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. யார் என்ன பேசினார்களோ அதை அப்படியே தட்டச்சு செய்து இணைக்க வேண்டும். பத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம். அன்று காலை பதினொரு மணிக்குத் தட்ட உட்கார்ந்தேன். சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தைப் பார்க்காமல், வார்த்தைகளை மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடித்தேன்.

வெளியில் பூட்டிவிட்டுப் போகிறார். சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு மாதம் ஆயிற்று. தங்கச்சியிடம் சொல், அவளுக்குப் புரியும். இருபதாம் தேதிக்கு முன்னால் வரச் சொல்.

வரிசையாகப் படித்தேன். அது வசனம் இல்லை, எனக்கு எழுதின கடிதம். அந்த வீட்டில் அவள் வாயைத் திறந்து பேசக்கூடிய ஒரே நேரம் நான் 'ஆக்ஷன்' சொன்ன பிறகுதான். சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன். நாளைக்கு இருபது.

"கொசு, வண்டியை எடு."

"படம்? அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும்டி. இல்லன்னா இந்த வருஷமே போச்சு."

"படமா? மண்ணாங்கட்டி. எடுடா வண்டியை!"

அவன் திரையைப் படித்தான். பேயறைந்த மாதிரி எழுந்தான். இரண்டு பேரும் கணினியை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் சாவி போடுகிறவர் ஒருவர் மரத்தடியில் கடை வைத்திருந்தார். அவரை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். கதவின் முன்னால் வந்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"வீடு உங்களுதா?"

"எங்க அக்கா வீடு. உள்ளதான் இருக்கா. திறங்க அண்ணே."

"நீங்க சொன்னா நான் பூட்டைத் தொட மாட்டேன் தங்கச்சி. நாளைக்கு என்னைத்தான் திருடன்னு பிடிப்பாங்க. உள்ள இருக்கறவங்க வாயால சொல்லட்டும்."

நான் கதவை மெல்லத் தட்டி, இடுக்கில் வாய் வைத்துக் கூப்பிட்டேன். "அக்கா! நான்தான்க்கா!"

காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது. உள்ளே சாமான் கட்டியிருப்பார்கள் போல, அட்டைப் பெட்டி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் குரல் எழுந்தால் அலமாரிக் கேமராவில் மாமாவுக்குக் கேட்டுவிடும். அதற்குப் பிறகு திரும்பிப் போக முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அக்கா, எனக்குப் புரிஞ்சிடுச்சுக்கா. லேட்டாத்தான் புரிஞ்சுது. மன்னிச்சுடுக்கா. பூட்டைத் திறக்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

கதவின் அடி இடுக்கில் அவள் கால்விரல்களின் நிழல் தெரிந்தது. நான் அழ ஆரம்பித்திருந்தேன்.

"கேமரா இருக்கா?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

"இல்லக்கா. சத்தியமா இல்ல. எதுவும் எடுத்துட்டு வரல."

அக்கா கேட்டாள்:

"எத்தனை தடவை சொல்லணும்?"

தலையைக் கதவில் வைத்துக்கொண்டேன். சாவிக்காரருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது, தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒரு தடவை சொன்னா போதும்மா," என்றார்.

"திறந்து விடுங்க," என்றாள் அக்கா, வீடே கேட்கும்படி.

அவர் தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தார்.