படகுக்காரியின் நிறம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், மெல்லச் சொல்ல வேண்டிய கதை இது... கணினி விளையாட்டுக்கு உருவம் செய்கிற ஒருத்தி திரையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், திரையில் அவளுடைய செத்துப்போன அக்காவின் முகம், விளையாட்டில் படகோட்டும் நாயகிக்கு அந்த முகத்தைத்தான் கொடுத்திருந்தாள், அகன்ற மூக்கு, தடித்த உதடு, கறுப்பு, யாரிடமும் சொல்லவில்லை, சொல்லித்தான் என்ன, முன்னோட்டம் வெளியானதுமே ஊர்வாய் திறந்துகொண்டதே... "இந்தக் கறுப்பிய வச்சுக்கிட்டா நான் விளையாடணும்?" என்று ஒருவன், "எல்லாரையும் சேத்துக்கிட்டோம்னு காட்டத்தான் இவ, வேற எதுக்கு" என்று இன்னொருவன், "எங்க ஆளுங்கன்னா படகுதான் ஓட்டணுமா?" என்று ஒருத்தி, அந்தக் கேள்வி மட்டும் முள்ளாய்த் தைத்தது, அவள்தான் நாயகி தாயே என்று யார் போய்ச் சொல்வது...

காலையில் குழுத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கெட்ட மனிதர் இல்லை, "லேசா வெளுப்பாக்கிடும்மா, மூக்கையும் கொஞ்சம் கூராக்கு, சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும்" என்றார். "அது வேற யாரோ ஆயிடும் சார்." "பொம்மைதானேம்மா, அதுக்கு வலிக்கவா போகுது?" வலிக்காதா... கல்யாண ஆல்பத்தில் போட்டோக்காரர் வெள்ளையடித்து வைத்த தன் முகத்தைப் பார்த்து அக்கா, "யாருடி இவ, மாப்ள வேற பொண்ணையில்ல கட்டியிருக்காரு!" என்று வயிறு நோகச் சிரித்தாளே, சிரித்து முடித்த கையோடு ஆல்பத்தை அலமாரியின் அடித்தட்டில் வைத்து மேலே துணியை அடுக்கினாளே, அதற்கு என்ன பெயர்...

மாட்டேன் என்று சொல்லிவிடலாம், இதுதான் எங்கள் அக்கா, இப்படித்தான் இருந்தாள் என்று போட்டோவையே காட்டிவிடலாம், கைப்பேசியில் தேடினாள், ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நிற்கிற அக்கா, யாரும் திருத்தாத அக்கா, திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள்... பிடித்த கை அப்படியே நின்றது. அடிக்கிற வெயிலிலும் அக்கா நல்ல கறுப்பு, திரையில் இருந்தவள் அவளைவிட வெளுப்பு, மூக்குகூடச் சிறுத்திருந்தது... இதை யார் செய்யச் சொன்னார்கள், முதன்முதல் இந்த முகத்தைச் செய்தபோது முன்னோட்டம் இல்லை, வசை இல்லை, தலைவர் வந்து உட்காரவில்லை, அவளும் அவள் கையும் மட்டும்தானே இருந்தார்கள், பாசத்தோடுதானே செய்தாள், அழகாக வரட்டும் என்றுதானே... "முடிஞ்சுதாம்மா?" என்று பின்னால் குரல் கேட்டது, அவள் போட்டோவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டில் பிறந்ததெல்லாம் பிறந்த நிறத்திலேயே கொஞ்சப்படட்டும் கண்ணுகளா, வீடு நிறைந்து வாழுங்கள்.