அம்மா பேரில் ஒரு வண்டி

அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் அவள் காரை அண்ணன் விற்றுவிட்டான். பதிவு அவன் பேரில் இருந்தது. அவனுக்கும் அந்த வண்டிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடுப்பு மூட்டை மாற்றி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தவளிடமும் கேட்கவில்லை. "அந்த ஓட்டை வண்டி இனிமே எதுக்கு?" என்று ஃபோனில் சொன்னான். அந்த ஓட்டை வண்டியில்தான் அம்மா வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளந்து வந்து, திரைச்சீலை தைத்துக் கொடுத்து, இவனைப் படிக்க வைத்தாள். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது விடுமுறையில் வந்திருந்தான். அம்மாவுக்குப் புது வண்டி வாங்கித் தரப்போவதாகச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தண்டோரா போட்டாகிவிட்டது. ஒரு ஜப்பான் கம்பெனி அப்போதுதான் தன் புது கார்களையும் எஸ்யூவிகளையும் மொத்தமாக இறக்கியிருந்தது. அதில் எது பெரியதோ அதன் வீடியோவைச் சாப்பிடும்போதுகூடப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே அம்மா, மேசைக்கு அடியில் ஒரு ரப்பர் செருப்பைப் போட்டு, வலது காலால் அதை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தாள். ஏதோ பிசியோதெரபி பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா யாரும் தூக்கிவிடாமல் தானாக வண்டியில் ஏற வேண்டும், தானாக இறங்க வேண்டும். இருக்கை முழங்காலுக்குக் கீழே போகக்கூடாது, இடுப்புக்கு மேலேயும் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவின் திரைச்சீலைக் கடையிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இந்த முறை அண்ணனை விடுவதாக இல்லை.

ஷோரூம் தரையில் முகம் பார்க்கலாம். அம்மாவின் கைத்தடி அதில் வழுக்கியது. உள்ளே நுழைந்ததும் அவளை ஒரு சோபாவில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் ஆளை விழுங்கிவிடும் ஜாதி சோபா. அதில் அம்மா உட்கார்ந்தால் கிரேன் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நாற்காலி கேட்டேன், "இதோ மேடம்" என்றார்கள், கடைசிவரை வரவில்லை. அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

விற்பனைக்காரனுக்கு என் மனசுக்குள் ரிமோட் என்று பேர் வைத்துவிட்டேன். கையிலிருந்த ரிமோட்டை அவன் கீழே வைக்கவே இல்லை. சுவர் அளவுக்கு ஒரு திரை. ஒவ்வொரு வண்டியாக மலைச்சரிவில் ஏறி வந்து நின்றது.

"நம்ம புது வரிசையில எல்லாருக்கும் ஒரு வண்டி இருக்கு சார். ரெண்டு பேர் இருக்கிற குடும்பத்துக்குக் குட்டி கார். ஆபீஸ் போறவங்களுக்கு செடான், அது ஹைபிரிட். பேட்டரியிலயே ஓடுறது ஒண்ணு. அப்புறம் சின்ன எஸ்யூவி, பெரிய எஸ்யூவி. மலை, காடு, ஆத்துத் தண்ணி, எதுலயும் போகும்."

"இடுப்பு ஆபரேஷன் பண்ணவங்க ஏறுறதுக்கு எது?" என்றேன்.

ரிமோட் அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். நான் ஏதோ நகைச்சுவை சொன்னேன் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது.

அண்ணன் நேராகப் பெரிய எஸ்யூவியிடம் போனான். அது மேடை மேல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே ஏற அம்மாவுக்கு ஏணி வேண்டும். ரிமோட் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பயப்படாம ஏறுங்க பாட்டிம்மா."

அம்மா ஸ்டூலில் ஒரு கால் வைத்தாள். அடுத்த காலைத் தூக்குவதற்குள் அண்ணன் பின்னாலிருந்து அவளை அக்குளில் பிடித்து, மூட்டையை ஏற்றுவதுபோல ஏற்றி உட்கார வைத்துவிட்டான். அம்மாவின் புடவை முழங்கால்வரை ஏறிக்கொண்டது. கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின. உதட்டைக் கடித்துக்கொண்டு புடவையை இழுத்துவிட்டாள்.

"எவ்வளவு வசதியா இருக்கு பாத்தியாம்மா?" என்றான் அண்ணன்.

"எறக்கி விடுடா," என்றாள் அம்மா.

"நீ வருஷத்துக்கு ஒரு தடவை வர்றே," என்றேன் அவனிடம். "மத்த நாள்ல யார் தூக்கிவிடுறது? இந்த ஸ்டூலா?"

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதே. அம்மாவுக்குன்னுதான் வாங்குறேன்."

"அம்மா பேரைச் சொல்லி உனக்கு வாங்குறே."

ரிமோட் சட்டென்று செடானிடம் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். அதன் இருக்கை தரையோடு தாழ்ந்த குழி. அம்மாவை அதில் உட்கார வைக்கவே நான் விடவில்லை. பேட்டரி வண்டியின் உள்தரை உயரமாக இருந்தது, உட்கார்ந்தால் முழங்கால் மேலே வந்து இடுப்பு மடங்கும். அம்மா அதைச் சுற்றி வந்து பின்பக்கம் நின்றாள்.

"தம்பி, பின் சீட்டை மடிச்சா எவ்வளவு நீளம் கிடைக்கும்?"

"லக்கேஜ் நிறைய வைக்கலாம் சார்," என்று ரிமோட் அண்ணனுக்குப் பதில் சொன்னான்.

"நான் கேட்டேன்," என்றாள் அம்மா. "திரைச்சீலைக் கம்பி வைக்கணும். வளையாம நேரா கிடக்கணும்."

"அதெல்லாம் இனிமே உனக்கு எதுக்கும்மா? கடையை மூடிட்டு நிம்மதியா இரேன்," என்றான் அண்ணன்.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்மா, முதல்ல நீ ஏறி எறங்குறதைப் பாப்போம்," என்று நான் அளவு நாடாவை உருவினேன்.

அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

கடைசியில் ஒரு மூலையில், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், சின்ன எஸ்யூவி நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து இருக்கையின் உயரத்தை அளந்தேன். பிறகு அம்மாவை நிற்க வைத்து, முழங்காலையும் இடுப்பையும் அளந்தேன். கச்சிதமாக நடுவில் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த வண்டியையே கட்டிப்பிடித்திருப்பேன்.

"இதுதான். இதுல அம்மா தானா ஏறலாம்."

அண்ணன் முகம் தொங்கிப்போனது. "இதைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்தினா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தான், அதையும் கஞ்சத்தனமா வாங்கிக் குடுத்தான்னு பேசமாட்டாங்க?"

"வர்றவன் போறவன் பேசுறதுக்காக அம்மாவைத் தொங்கவிடப் போறியா?"

"நீ ரொம்பப் பேசுறே. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிறோம்கிற திமிர்."

"பாத்துக்கிறேன்தான். நீ வித்துட்டுப் போனதுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கு அலைஞ்சது நான்தான். இப்பகூட ஒரு டிரைவருக்குச் சொல்லி வச்சிருக்கேன். நம்ம பின்தெருக்காரர், பொறுமையா ஓட்டுவார். நீ இதையெல்லாம் என்னிக்காவது யோசிச்சிருக்கியா?"

பக்கத்து மேசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் இன்னும் சத்தமாகவே பேசினேன். மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் கிடந்தது எல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது. வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் திரும்பினோம்.

பின்கதவு நான் திறந்து வைத்தபடியே கிடந்தது. அம்மா ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை. கைத்தடியைப் பக்கத்து இருக்கையில் சாய்த்து வைத்திருந்தாள். இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, வலது காலைப் பிரேக்கில் வைத்து அழுத்திவிட்டு எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடந்த ரப்பர் செருப்பு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"தம்பி, ஓட்டிப் பாக்குறதுக்கு இதே வண்டி வெளியில நிக்குதுல்ல? அதோட சாவியைக் குடு."

ரிமோட் அண்ணனைப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? ஓட்டப்போறது நான்." கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அந்தப் பைக்குள் வலி மாத்திரைதான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"விளையாடாதேம்மா," என்றான் அண்ணன்.

"ஆமாம்மா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே," என்றேன் நான்.

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அவனோடு அத்தனை நேரம் மல்லுக்கு நின்ற நானும் கடைசியில் அவன் பேச்சைத்தான் பேசியிருந்தேன்.

அம்மா கதவைத் திறந்து, இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. நான்தான் கேட்டேன், நீங்க யாரும் கேக்கலை. ஒருத்தன் என் வண்டியை வித்தான். ஒருத்தி எனக்கு டிரைவர் வச்சிருக்கா. ஏறுறதுக்கும் எறங்குறதுக்கும் இப்படி அடிச்சுக்கிறீங்களே, நடுவுல அந்த வண்டியை ஓட்டினவ நான்தான்னு ஒருத்தருக்காவது ஞாபகம் வந்துச்சா?"

"நானும் வர்றேம்மா," என்றேன் மெதுவாக.

"வேண்டாம். இந்தத் தம்பி வரட்டும். நீங்க ரெண்டு பேரும் அங்க உக்காருங்க." கைத்தடியால் அந்த சோபாவைக் காட்டினாள்.

உட்கார்ந்தோம். வேறு என்ன செய்வது? சோபா எங்களை இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடிச் சுவருக்கு வெளியே அம்மா வண்டியைக் கிளப்புவது தெரிந்தது. பழைய வண்டியில் இண்டிகேட்டர் இருந்த பக்கம் இதில் வைப்பர் இருந்தது போலிருக்கிறது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் வரட்டு வரட்டென்று ஆடியது.

"பாத்தியா, பாத்தியா," என்று அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

வைப்பர் நின்றது. இண்டிகேட்டர் மினுங்கியது. வண்டி வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையில் இறங்கித் திரும்பியது. ரிமோட் இரண்டு கையாலும் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் அது இப்போது அண்ணனோடு நிற்கவில்லை, என் பக்கமும் திரும்பியிருந்தது. ஃபோனை எடுத்து அந்த டிரைவரைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்று சொன்னேன்.

"ஏம்மா, வேற ஆள் கிடைச்சாச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்க," என்றேன். "பழைய டிரைவரே வந்துட்டாங்க."