தகட்டோரச் சிவப்பு

ஆய்வகத் தலைவர் அவளுக்கு மாமனார். வீட்டில் வாய் நிறைய ‘அம்மாடி’ என்பார். ஆய்வகத்தில் விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார்.

அன்று அவள் அவரைக் கூப்பிட்டாள். கண்ணாடிக் குழாயில் காற்றை உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஹைட்ரஜனை விட்டு மின்சாரம் பாய்ச்சியிருந்தாள். அணுக்களில் ஆயிரத்தில் ஒன்றுகூட அயனியாகவில்லை. ஆனாலும் குழாய் சிவந்து ஒளிர்ந்தது. அந்த ஒளி முழுக்க எலக்ட்ரான்கள் மோதுவதால்தான் வருகிறது என்பது மாமனாருக்குப் பேர் வாங்கித் தந்த சூத்திரம். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் கருவியில் பார்த்தபோது, எதிர்மின் தகட்டோரம் மட்டும் கணக்கு உதைத்தது.

“சிவப்புக் கோட்டைப் பாருங்க மாமா, ஒரு பக்கமா அகண்டிருக்கு. அணு ஓடினாத்தான் அதோட நிறம் இப்படி நகரும். அப்படின்னா வெளிச்சம் விடுற அணு தகட்டைப் பாத்து ஓடுது. எலக்ட்ரான் தூசி, அதால அணுவைத் தள்ள முடியாது. தகடு இழுக்குற வேகத்துல அயனிதான் வந்து அணு மேல மோதுது. அந்த மோதல்லயும் வெளிச்சம் வருது.”

“குழாய்ல அழுக்கு. கழுவத் தெரியாதவளுக்கு அயனி தெரியுதாம்!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அவர் தனியாக அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் வெளியூர் வல்லுநர்கள் வந்தார்கள். மேசையில் குழாய் இல்லை. கண்ணாடி வேலைக்குப் பொறுப்பு அவள் கணவன்.

“எங்க அது?”

“அறுத்துட்டேன். அளவுகளையும் அழிச்சாச்சு. அப்பா சொன்னாரு.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சுடி. உனக்கென்ன, சின்ன வயசு. இன்னொண்ணு பண்ணிக்கலாம்.”

ஆனாலும் கூட்டத்தில் எழுந்து, கண்டதைச் சொன்னாள்.

“எம் மருமகதாங்க,” என்றார் மாமனார். “கதை நல்லா சொல்லுவா. ஆதாரத்தைத்தான் வீட்லயே வச்சிட்டு வந்துட்டா!”

அரங்கமே குலுங்கியது. கணவனும் சிரித்தான்.

அதன்பிறகு அவளைக் குழாய்ப் பக்கமே விடவில்லை. கருவிகள் வாங்கும் பிரிவில் உட்காரவைத்தார்கள். அடுத்த ஆண்டு அதே அரங்கில் மாமனார் பேசினார்: தம் சூத்திரத்தில் அயனி மோதலை விட்டுவிட்டதைத் தாமே கண்டறிந்தாராம். திரையில் சிவப்புக் கோடு அகன்று தெரிந்தது. மகன் ரகசியமாகச் செய்துகொடுத்த குழாயில் எடுத்த அளவு.

தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொண்ட பெருந்தன்மைக்காக எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓசை அடங்கியதும் அவர் விரலைச் சொடுக்கினார்.

“அம்மாடி, எல்லாருக்கும் தண்ணி குடு.”

கொடுத்தாள். கணவன் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தான்.