பதினொரு நிமிடம் அழுந்திக் கிடந்த பட்டன்

...வாய்க்கும் கருவிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி வேண்டும் என்கிறார் நகரத்திலிருந்து வந்த இன்ஜினியர், கட்டைவிரலை மோவாயில் ஊன்றி மற்ற விரல்களை விரித்துக் காட்டுகிறார், ஒட்டி வைத்துப் பேசினால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு நம் பேச்சு போகாது, மூச்சுதான் போகும் என்கிறார்... மூச்சு. அந்த ஒரு சொல்லுக்குச் செனைடா மடியிலிருந்த கருவியைக் கவிழ்த்து வைத்தாள். ஃபாஸ்தோவும் அப்படித்தானே சொன்னான், அபெலினோவின் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கிய அன்றைக்கு, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, "யாரோ மூச்சு விடுறது கேக்குது, துணி உரசுறது கேக்குது, நான் இங்க தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தருக்கும் போய்ச் சேரல"... சேற்று வெள்ளம் வந்து இருபத்துமூன்று நாள் ஆகிவிட்டது. மாதா கோயில் கூடத்தில் பதினாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கறுப்பு வாக்கி டாக்கி. எரிமலை புகைகிறதா, உறுமுகிறதா, உச்சியில் மழையா என்று தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நகரத்து ஆய்வு நிலையத்துக்குச் சொல்லும் பதினாலு வீட்டுக்காரர்கள். முன்பெல்லாம் இவர்கள் கூடினால் காது அடைத்துப்போகும், இப்போது ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பதினாலில் யாரோ ஒருவருடைய பட்டன்தான் அன்றைக்கு அழுந்திக் கிடந்தது. யார் அது, யார் அது என்று எல்லார் முகத்திலும் எழுதியிருக்கிறது. ஏன் தேடுகிறீர்கள், இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேனே, நான்தான், என்று செனைடா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், இருபத்துமூன்று நாளாகச் சொல்லிக்கொள்வது போலவே.

அன்றைக்குக் கீழே நல்ல வெயில். அதுதான் வயிற்றெரிச்சல். உச்சியில் மட்டும் மேகம் கவிந்து கிடந்தது, மேகத்துக்குள் மழை கொட்டியது யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவன் ஃபாஸ்தோ ஒருவன்தான், அவன் வீடுதான் எல்லாவற்றுக்கும் மேலே. லாரி லாரியாகக் கல் கொட்டுவதுபோல ஓடைக்குள் சத்தம் கேட்டிருக்கிறது, சேற்று வெள்ளம் இறங்கிவிட்டது, பட்டனை அழுத்தி மூன்று தடவை "அவசரம்" என்றிருக்கிறான், சொல்லிக்கொடுத்தபடியே. ஆனால் அதற்கு முன்னமே யாருடைய கருவியிலோ பட்டன் அழுந்திக் கிடந்தது. ஒரு பட்டன் அழுந்தினால் மற்ற பதின்மூன்று பேரும் ஊமை. பதினொரு நிமிடம். அபெலினோ அந்த நேரத்தில்தான் கோவேறு கழுதையின் மேல் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான், தினமும் இறங்குகிற இடம், முழங்கால் அளவு தண்ணீர். கழுதை எப்படியோ அக்கரை ஏறி நின்றது. அவன் மூன்றாம் நாள் பாலத்தடியில் கிடைத்தான், காலில் பூட்ஸ் இல்லாமல். அந்தப் பாதங்கள் அவ்வளவு வெள்ளையாக இருக்கும் என்று செனைடா நினைத்ததே இல்லை... ஏன் அதைப் போய்ப் பார்த்தேன், எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதபோது நான் மட்டும் ஏன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்?

"இடுப்பு பெல்ட்டுல மாட்டுங்க. பையில போடாதீங்க, பூட்ஸுக்குள்ள சொருகாதீங்க, அக்காமாரே, தயவுபண்ணி நெஞ்சுக்குள்ள வைக்காதீங்க" என்கிறார் இன்ஜினியர். வேறொரு நாளாக இருந்தால் இதற்கு ஒரு சிரிப்பலை எழும்பியிருக்கும், பின்வரிசை ஹெர்மிந்தா ஏதாவது பச்சையாகச் சொல்லியிருப்பாள். இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நெஞ்சுக்குள். அங்கேதான் வைத்திருந்தாள் செனைடா, உருளைக்கிழங்கு தோண்டக் குனிய வேண்டுமே, கருவி நழுவாமல் இருக்க சால்வையை இழுத்து இறுக்கி முடிந்திருந்தாள், குனிகிறபோதெல்லாம் விலா எலும்பில் குத்தியது. நாலு மணிக்கு வெளியே எடுத்தபோது கருவி சுட்ட கிழங்கு மாதிரி கொதித்தது, விளக்கு அணைந்திருந்தது, பேட்டரி செத்துப்போயிருந்தது. முந்தின ராத்திரி கரண்ட் இல்லை, சரியாகச் சார்ஜ் ஏறவில்லை, அதனால் செத்திருக்கலாம். வெயிலில் வேலை செய்த உடம்புச் சூடு, அதனால் கொதித்திருக்கலாம். இருக்கலாம். ஆனால் இதோ இன்ஜினியரே சொல்கிறாரே, "பட்டன் ரொம்ப நேரம் அழுந்தியிருந்தா கருவி கையில வைக்க முடியாம சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும்" என்று, யாரையும் பார்க்காமல், பலகையைப் பார்த்துக்கொண்டு. இதைச் சொல்லத்தான் போன வாரம் பாவமன்னிப்புக் கேட்க முழந்தாளிட்டவள், தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதிரியார் கனைத்ததும், நாத்தனாருடைய புது அடுப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்று ஜெபம்!

அபெலினோவின் நாற்காலியில் அவன் மனைவி லஸ்தெனியா உட்கார்ந்திருக்கிறாள், செனைடாவுக்கு இடப்பக்கம், தோளோடு தோள். கறுப்புச் சால்வையின் ஓரத்தைச் சுருட்டுகிறாள், பிரிக்கிறாள், மறுபடி சுருட்டுகிறாள். இந்த இருபத்துமூன்று நாளும் செனைடா காலையில் சூப்பும் வறுத்த சோளமும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறாள், இவள் மகளுக்கு ஞானத்தாய் செனைடாதான், அதற்காகத்தான் போகிறாள் என்று ஊர் நினைக்கும். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் அக்கா" என்று இவள் கையைப் பிடிக்கும்போதெல்லாம் செனைடாவுக்கு, நான்தான் என்று வாய்வரை வந்துவிடும், விழுங்கிவிடுவாள். ஒருநாள் லஸ்தெனியா தானாகவே சொன்னாள், "கருவியை அவரு எடுத்துக்கிட்டுத்தான் கிளம்பினாரு. தண்ணியில விழுந்துடும், வச்சிட்டுப் போங்க, அஞ்சு மணிக்கு நான் சொல்லிக்கிறேன்னு நான்தான் வாங்கி வச்சேன். அதுவும் அன்னைக்குன்னு பாத்து வாயே திறக்கல, ஒரு கொர்ருச் சத்தம்கூட வரல." செனைடா அப்போது சூப்புப் பாத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையில் கருவி இருந்திருந்தாலும் என்ன, ஃபாஸ்தோவின் குரல் அதற்கும் வந்திருக்காதே என்று ஆறுதல் சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். ஏன் வந்திருக்காது என்று கேட்டால்?

இன்ஜினியர் பட்டனை அழுத்துகிறார். அழுத்தினதும் பேசக்கூடாது, மனசுக்குள் ஒன்று என்று எண்ண வேண்டும், பிறகுதான் பேச வேண்டும், இல்லையென்றால் முதல் சொல் அறுந்துபோகும். அதற்கும் முன்னால் காது கொடுத்துக் கேட்க வேண்டும், வேறு யாராவது பேசுகிறார்களா என்று. சுருக்கமாகச் சொல்லி, "ஓவர்" என்று முடித்து, விரலை எடுத்துவிட வேண்டும். விரலை எடுப்பதுதான் பெரிய விஷயம். "இதை ஒண்ணு புரிஞ்சுக்கங்க. யாரோட கருவியில பட்டன் அழுந்தியிருக்கோ, அவங்க வீட்டுச் சத்தம் ஊருக்கே கேக்கும். ஆனா அவங்களுக்கு மட்டும் எதுவும் கேக்காது. கருவி சும்மா கிடக்குதுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மேஜைமேல் இருந்த மடிக்கணினியைத் திருப்பினார். ஆய்வு நிலையத்தில் வருகிற போகிற எல்லாமே பதிவாகுமாம். அன்றைய பதினொரு நிமிடமும் இருக்கிறதாம். "யாருன்னு கண்டுபிடிக்க இல்ல. இந்தச் சத்தம் கேட்டா உடனே அவங்கவங்க பட்டனைப் பாக்கணும், அதுக்காகப் போடுறேன்." ஃபாஸ்தோ சட்டென்று நிமிர்ந்தான். "கண்டுபிடிக்கவே போடுங்க இன்ஜினியர். மனுசன் செத்திருக்கான்."

இதோ வருகிறது, என்று செனைடா கண்ணை மூடிக்கொண்டாள். மண்வெட்டி வரும், கிழங்கு கூடையில் விழுகிற தொப் தொப் வரும், நாயை நான் அதட்டினது வரும், என் பெயரை யாரும் சொல்ல வேண்டாம், என் நாயின் பெயர் போதும்... கொர்ரென்று இரைச்சல். துணி உரசல். மூச்சு, ஆமாம், மூச்சு. அப்புறம் டக்... டக்டக். டக்... டக்டக். மண்வெட்டி இல்லை. இது என்ன? டக்... டக்டக். மண்ணும் இல்லை, காற்றும் இல்லை, நாயும் இல்லை, ஒரு அறைக்குள் இருக்கிற சத்தம் இது. நான் இல்லை. நான் இல்லையா? செனைடாவின் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று தண்ணீர்போல வடிந்து இறங்கியது, கால் விரல்வரை லேசாகிப்போனது, எழுந்து கூடத்தைச் சுற்றி ஓட வேண்டும்போல இருந்தது, இருபத்துமூன்று நாள், மாதாவே, நான் இல்லை, நான் இல்லவே இல்லை... டக்... டக்டக். நொண்டுகிற சத்தம். மிதிக்கட்டையில் ஒரு பக்கத்து ஆணி தேய்ந்த தையல் மெஷின் அப்படித்தான் நொண்டும். ஜீன்ஸ் பட்டறைக்காகப் பையும் ஜிப்பும் தைக்கிற மெஷின். எத்தனை மத்தியானம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொடுத்திருக்கிறேன், "இந்தக் கழுதையை மாத்தித் தொலையேண்டி" என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்... இல்லை. இல்லை, வேண்டாம். இடப்பக்கத் தோளைத் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை. ஒரு கொர்ருச் சத்தம்கூட வரல அக்கா. அவங்களுக்கு மட்டும் எதுவும் கேக்காது.

"தையல் மெஷினாட்டம் இருக்கே" என்றாள் பின்வரிசையில் ஹெர்மிந்தா. "அப்போ எண்ணிடலாம்" என்றான் ஃபாஸ்தோ, எழுந்தே விட்டான், "நம்மள்ல மெஷின் வச்சிருக்கிற வீடு எத்தனை? அஞ்சா, ஆறா?" இன்ஜினியர் கையைத் தூக்கி, "இருங்க, இருங்க, இன்னும் கொஞ்சத்துல யாரோ பாடுற மாதிரி ஒரு முணுமுணுப்பு வரும், அதுக்கப்புறம்தான்" என்றார். பாட்டு. லஸ்தெனியா தைக்கும்போது பாடுவாள். ஒரே பாட்டு, அதுவும் பாதி வரிதான் தெரியும், மீதிக்கு ல-ல-லா போட்டு நிரப்புவாள், ஊருக்கே தெரியும் அந்த ல-ல-லா. இன்னும் எத்தனை நொடி? டக்... டக்டக். பன்னிரண்டு வயசு மகள் வீட்டில் இருக்கிறாள். இந்தக் கூடத்திலிருந்து சேதி அவள் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், உன் அப்பாவை உன் அம்மாதான்... செனைடா எழுந்து நின்றதை நாற்காலி கீச்சிட்ட பிறகுதான் உணர்ந்தாள். "நிறுத்துங்க. என்னுது அது. என் சோளம் அரைக்கிற மில்லு. மேஜையில இறுக்காம சுத்தினா அப்படித்தான் ஆடும். கருவியை நெஞ்சுக்குள்ள வச்சிருந்தேன், நசுங்கிடுச்சு. எடுத்தப்போ நெருப்பா கொதிச்சுது. எனக்குத் தெரியும். முதல் நாள்லேர்ந்தே தெரியும்." இன்ஜினியரின் விரல் ஒரு விசையில் விழுந்தது, சத்தம் நின்றது, பாட்டு வரவில்லை.

பொய் இவ்வளவு சுலபமாக வருமா? பாதிக்கு மேல் இருபத்துமூன்று நாளாக உருப்போட்டதுதான், மில்லு மட்டும்தான் புதிது. பதின்மூன்று முகங்கள் திரும்பியிருந்தன. ஃபாஸ்தோ அவளையே பார்த்தான், பிறகு தன் கருவியை நாற்காலியில் வைத்துவிட்டுக் கூடத்தைவிட்டு வெளியே போனான். "மில்லா? சூப்பு கொண்டுபோய்க் கொடுத்தியே, அது இதுக்குத்தானா?" என்று கேட்டுவிட்டு ஹெர்மிந்தா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நாளையிலிருந்து கடையில் உப்பு கேட்டால் யாரும் முகம் பார்த்து எடுத்துத் தரமாட்டார்கள், பண்டிகைக்கு இவள் கிழங்கை யாரும் தொடமாட்டார்கள், இன்ஜினியர் கருவியைத் திருப்பிக் கேட்பார், கேட்கட்டும். அதிசயம் என்னவென்றால் அவளுக்குப் பயமாக இல்லை. அந்த லேசான கால்களை நினைத்தால்தான் பயமாக இருந்தது, ஒரு நிமிடத்துக்கு முன்னால் ஓடத் துடித்த கால்கள். இந்தச் சுமையை எடுத்துக்கொண்டது லஸ்தெனியாவுக்காகவா, அல்லது இது இல்லாமல் எனக்கு இனி நடக்கத் தெரியாதா? நான் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், ஆறு வீடு, ஒரு பாட்டு, உண்மை என்று ஒன்று வந்திருக்கும், அதை வைத்து இந்த ஊர் என்ன செய்திருக்கும்... இன்ஜினியர் தொண்டையைக் கனைத்து, பதினைந்து நிமிடம் இடைவேளை, காப்பி இருக்கிறது என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் அவளைச் சுற்றிக்கொண்டு, சேற்றை மிதிக்காமல் போவதுபோல, வாசல் பக்கம் போனார்கள்.

லஸ்தெனியா மட்டும் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், சால்வை ஓரம் சுருட்டினபடி அப்படியே நின்றிருந்தது விரலில். செனைடா அடிக்காகக் காத்திருந்தாள், காறி உமிழ்வாள், உமிழட்டும், கன்னத்தைக் கொடுக்கத் தயாராகத்தான் திரும்பினாள். லஸ்தெனியா மடியில் இருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே பேசினாள், குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "நீ வேணும்னு பண்ணலையே. பட்டன் அழுந்தினது உனக்கு எப்படித் தெரியும். நீ உன் வேலையைத்தானே பாத்துக்கிட்டு இருந்தே. அவரு உன்னைத் தப்பா நினைக்கமாட்டாரு." அவ்வளவுதான். எழுந்து காப்பி வரிசைக்குப் போய் கடைசி ஆளாக நின்றுகொண்டாள். செனைடா வெறும் கூடத்தின் நடுவில் நின்றாள். பன்னிரண்டு வருஷமாக நீங்க, வாங்க, அக்கா என்பதைத் தவிர வேறொரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை... நீ என்றாளே. நீ வேணும்னு பண்ணலையே. அந்தச் சொற்கள் இப்போது பிறந்தவையாகவும் இல்லை, முனை மழுங்கி, தேய்ந்து, திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினவை போல இருந்தன. யாரிடம் சொல்லிப் பழகினாள், அந்த மெஷின் முன்னால் தனியாக உட்கார்ந்து, எத்தனை நாளாக?