அரைப்பேர்

கூடலூர் அலுவலகத்தில் லிங்கசாமிக்கு நாற்காலி போட்டார்கள். இரு நாட்டுக் குடியுரிமை ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த பதினேழு வருஷத்தில், அரசாங்க ஆபீஸில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மனுஷனுக்குக் கொஞ்சம் தலை கனத்தது என்றே சொல்ல வேண்டும்.

எதிரே மாரியாயி நின்றாள். இங்கே தோட்டத்தில் அவருக்குப் பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் காளிமுத்துவின் தங்கை. பெற்றவர்களும் அண்ணனும் இந்தியா வந்தபோது, கட்டிக்கொடுத்த பெண் என்று அவளை அங்கேயே விட்டுவிட்டார்கள். எழுபத்தேழு கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடி, அங்கே புருஷனையும் பறிகொடுத்து, போன வருஷம் படகேறி வந்தாள். எந்த முகாமிலும் பதியாமல் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்ததுதான் வினையாகப் போயிற்று. முந்தாநாள் பிடித்துவிட்டார்கள்.

அதிகாரி நஞ்சப்பன் விஷயத்தை உடைத்தே சொன்னார்.

"ஏனுங்க லிங்கசாமி, இந்தம்மா மலைத்தோட்டத்து ஆளுன்னா, ஒப்பந்தத்து லிஸ்ட்ல பேரு இருக்குதான்னு எழுதிக் கேக்கலாமுங்க. அதுவரைக்கும் அண்ணன் ஊட்டுலயே இருக்கட்டும். யாழ்ப்பாணத்து ஆளுன்னா முகாமுக்கு அனுப்பி, அப்புறம் இலங்கைக்கே கப்பல்ல ஏத்திருவாங்க. கூடப் பொறந்தவன் சொல்றது சாட்சிக்கு ஆகாதுங்க; எங்களுக்கு அந்தப் பேச்சு புடிபடாதுங்க. நீங்க பேசிப் பார்த்து, எழுதிக் கையெழுத்துப் போடோணும். தப்பாப் போச்சுன்னா உங்க ரேஷன் கார்டு முதக்கொண்டு எடுத்துப் பார்ப்பாங்க, பார்த்துக்குங்க."

ரேஷன் கார்டு என்றதும் லிங்கசாமி நாற்காலியின் நுனிக்கு வந்தார். அதில் மூத்த மகள் என்று எழுதியிருக்கும் பாலாமணி அவர் பெற்ற பெண்ணல்ல. எண்பத்து நாலில் படகில் வந்து, எங்கும் பதியாமல் தங்கிவிட்ட அக்காள் மகள்.

"தோட்டத்தில வேலை செஞ்சியா?" என்று மாரியாயியிடம் கேட்டார்.

"ஓம் அண்ணே."

நஞ்சப்பன் சட்டென்று நிமிர்ந்தார். 'ஆமாம்' என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் அந்த 'ஓம்', வவுனியாவில் பதின்மூன்று வருஷம் இருந்தால் யார் வாயிலும் ஒட்டிக்கொள்ளும். லிங்கசாமிக்கு அது தெரியும். சொல்லவில்லை.

"என்ன வேலை?"

"கொழுந்துதான். மழை நாளையில நிறை காணாட்டி அரைப்பேருதான் போடுவாங்க. எங்கம்மா அழும்."

அரைப்பேர்! பாதி நாள் கூலிக்கு அந்தப் பெயரைச் சொல்ல, அங்கத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து கொழுந்துக் கூடை சுமந்திருக்க வேண்டும். லிங்கசாமிக்கே இளவயதில் எத்தனை அரைப்பேர் விழுந்திருக்கிறது! காதில் விழுந்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இவள் நம்ம பிள்ளை.

"அரைப்பேரா? அதென்னங்க அது?" என்றார் நஞ்சப்பன்.

"என்னமோ சொல்லுதுங்க சார். எங்க பக்கத்துப் பேச்சு இல்லீங்க."

சொல்லும்போது வாய் கூசவில்லை. சொன்ன பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது. மாரியாயி நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. அவளோ அவருக்காகப் பரிந்துகொண்டு வந்தாள்.

"அவர் மேல பிழை இல்லைங்க ஐயா. வந்து கனகாலம் ஆச்சு போல. அந்தச் சொல்லு மறந்திருக்கும்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது லிங்கசாமிக்கு. அந்த நாக்கு 'சரிங்க சார்' என்றது. கையெழுத்துப் போட்டார்.

வெளியே மழை. ஜீப் போகிற வழிதான், இறக்கிவிடுகிறோம் என்று அவரை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் இரண்டு பெண் போலீஸுக்கு நடுவில் மாரியாயி. அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தோட்டத்து முக்கில் காளிமுத்து குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றான். லிங்கசாமி இறங்கியதும் ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க போயிருக்கீங்கன்னு கேட்டதும்தான் எனக்கு உசிரே வந்துச்சுண்ணே. நம்ம பேச்சு உங்களுக்குத் தெரியாமலா போகும்!"

ஜீப் கிளம்பியது. தார்ப்பாய் இடுக்கில் தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டான். ஜீப் வளைவில் திரும்பும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பிடித்த கையை விடாமலே கேட்டான்.

"அண்ணே, நீங்க என்ன சொன்னீங்க?"